மதுரை மொட்டைமாடியில் ஒரிகானோ: மூன்றாவது தடவையும் செத்துப்போனது, விட்டுவிடலாமா?

திருநகர் மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் முப்பது தொட்டிக்கு மேல் வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, புதினா, கறிவேப்பிலை, இரண்டு மல்லிகைச் செடி, எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. ஒரிகானோ மட்டும் என் மானத்தை வாங்குகிறது.

எட்டாவது படிக்கிற மகளுக்கு மாதம் இரண்டு தடவையாவது பீட்சா வேண்டும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல் தோசைக்கல்லிலேயே செய்யப் பழகிவிட்டேன். சரி, மேலே தூவுகிற இலையையும் நாமே வளர்த்துவிடலாமே என்று போன வருஷம் ஆசை வந்தது. ஒரு நர்சரியில் 60 ரூபாய் கொடுத்து 'ஒரிகானோ' என்று ஒரு செடி வாங்கினேன். தடித்த இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக, தொட்டால் வெல்வெட் மாதிரி. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மாமியார் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "கொல்லையில சும்மா கிடக்கிற கற்பூரவல்லியை அறுபது ரூபா கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியேம்மா" என்று சிரித்தார். அந்தச் செடி இன்றைக்கும் காடாகக் கிடக்கிறது, அது வேறு விஷயம்.

இரண்டாவது, ஆன்லைனில் வாங்கியது. சின்னச் சின்ன இலை, கசக்கினால் பீட்சா வாசமேதான். மார்ச் மாதம் வந்தது. நல்ல வெயில் வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு மாடி நடுவில் வைத்தேன், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கத்திரி வெயில் முடிவதற்குள் குச்சியாகிவிட்டது. மூன்றாவது தடவை விதை. அக்டோபர் முதல் வாரம் தூவி 12 நாற்று வந்தது, தீபாவளி மழை மூன்று நாள் விடாமல் பெய்ததில் கழுத்து அழுகிச் சாய்ந்துவிட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை.

இப்போது ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, மறுபடி விதைக்கலாமா? இல்லை, நம் ஊருக்கு இது ஆகாது என்று கற்பூரவல்லியோடு சமாதானமாகிவிடலாமா? இரண்டும் ஒன்றுதானா, வேறா என்பதே எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.


ஒத்தக்கடைக்காரன்:

உங்கள் மாமியார் சொன்னது சரி, ஆனால் நர்சரிக்காரரும் முழுப் பொய் சொல்லவில்லை மேடம். கற்பூரவல்லிக்கு வெளிநாட்டில் கியூபன் ஒரிகானோ என்றும் மெக்சிகன் மின்ட் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். கியூபாவில் பிறந்த செடி இல்லை, மெக்சிகோவிலும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நர்சரிகளில் அந்தப் பெயரை அப்படியே அட்டையில் எழுதி வைக்கிறார்கள். மெக்சிகன் ஒரிகானோ என்று இன்னொன்றும் உண்டு, அது லிப்பியா என்கிற செடி, குடும்பமே வேறு. பெயரை நம்பி வாங்கினால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும்.

நீங்கள் தேடுவது ஒரிகனம் வல்கேர். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கல்லு மலைச் சரிவுகளில் தானாக வளர்வது. நம் நாட்டிலும் காஷ்மீர், இமாச்சல் பக்கத்து மலைகளில் காட்டுச் செடியாக இருக்கிறது. துளசி, புதினா, கற்பூரவல்லி, ஒரிகானோ எல்லாமே ஒரே குடும்பம், ஆனால் அண்ணன் தம்பி இல்லை, பங்காளிகள். வாசம் ஒன்றாக வருவதற்குக் காரணம் கார்வக்ரால் என்கிற எண்ணெய்ச் சத்து. அது ஒரிகானோவிலும் இருக்கிறது, கற்பூரவல்லியிலும் இருக்கிறது. அதற்கு நெருங்கிய சொந்தம் தைமால், ஓமத்தின் வாசம் அதுதான். கற்பூரவல்லியை ஓமவல்லி என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கற்பூரவல்லி இலை சதைப்பற்றாக இருக்கும், வளைத்தால் 'டக்' என்று ஒடியும், கையில் ஈரம் படும். ஒரிகானோ இலை கட்டைவிரல் நகத்தளவுதான், மெல்லிசு, ஓரம் கிட்டத்தட்ட வழவழப்பு, தண்டு குச்சி மாதிரி ஒல்லியாக அடியில் கட்டைபாய்ந்து இருக்கும்.

ஒரிகானோவிலேயே இரண்டு வகை கவனிக்க வேண்டும். இளஞ்சிவப்பாகப் பூக்கும் சாதாரண வகை பார்க்க அழகு, வாசம் சுமார். வெள்ளையாகப் பூக்கும் கிரேக்க வகை, ஹிர்டம் என்பார்கள், அதுதான் காரசாரமான வாசம். விதை வாங்கினால் 'கிரீக் ஒரிகானோ' என்று கேட்டு வாங்குங்கள். அப்படியும் விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி மணக்கும். பத்து நாற்று வந்தால் பத்தையும் கசக்கிப் பார்த்து, எது மூக்கில் ஏறுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தானம் பண்ணிவிடலாம்.

ஆடியில் விதைக்காதீர்கள். ஆடிப்பட்டம் நம் பயிர்களுக்கு. இதைக் கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பாருங்கள்.


நாகமலை ரிட்டயர்டு:

எனக்கு ஒன்று புரியவில்லை அம்மா. கொல்லையில் கற்பூரவல்லி காடாகக் கிடக்கிறது என்கிறீர்கள், வாசமும் ஒரே சத்து என்று தம்பியும் சொல்லிவிட்டார், அப்புறம் எதற்கு அந்தக் கடல் தாண்டிய செடிக்கு இவ்வளவு பாடு? சளி பிடித்தால் கஷாயம், மழை நாளில் பஜ்ஜி, தயிர்ப் பச்சடி, ரசத்தில் இரண்டு இலை. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வளரும். ஒரு கிளையை ஒடித்துத் தூக்கிப் போட்டால் போட்ட இடத்தில் பிழைக்கும். அதையே பொடியாக நறுக்கி உங்கள் பீட்சாவில் போடுங்கள், பிள்ளை கண்டுபிடிக்கிறதா பார்ப்போம்.


புதூர் கீரைக்காரி:

அய்யா, மன்னிக்கணும், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. "அம்மா, பீட்சாவில் சளி மருந்து ஊத்திட்டியா" என்று கேட்டான். ஒரே சத்துதான், நான் மறுக்கவில்லை, ஆனால் கற்பூரவல்லியில் அது பச்சையாக, தண்ணீரோடு, தூக்கலாக வருகிறது. முக்கியமான வித்தியாசம் காயவைக்கும்போதுதான் தெரியும். ஒரிகானோவைக் காயவைத்தால் வாசம் கூடுகிறது. கற்பூரவல்லி சதைப்பற்றான இலை, சீக்கிரம் காயாது, கறுத்துப்போய்க் கிடக்கும். பஜ்ஜிக்கு அது ராணி, பீட்சாவுக்கு இல்லை.

திருநகர் தங்கச்சி, நம்ம ஊருக்கு ஆகாது என்று விட்டுவிடாதே. என்னிடம் மூன்று வருஷமாக ஒரு தாய்ச்செடி இருக்கிறது, அதிலிருந்து இப்போது நான்கு தொட்டி. அதற்கு முன்னால் நானும் ஐந்தாறு செடியைக் கொன்றவள்தான், ஒளிக்கவில்லை. எங்கே தப்பு என்று புரிய ரொம்ப நாளாயிற்று: நான் அதைக் கீரை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தேன். கீரைக்கு என்ன செய்வோம்? வளமான மண், நிறையத் தண்ணீர், வாரம் ஒரு தடவை பஞ்சகவ்யம். இது கல்லுக்கு இடையில் பட்டினி கிடந்து வளர்ந்த பரம்பரை. சோறு போட்டால் தளதளவென்று வரும், ஆனால் வாசமே இருக்காது, கொஞ்ச நாளில் வேர் அழுகிச் சாகும்.

முதலில் மண். மாடித்தோட்டம் என்றாலே எல்லோரும் பையில் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூளை நிரப்பிவிடுகிறோம், தூக்கச் சுலபம் என்று. கத்தரிக்கு அது சரி. ஒரிகானோவுக்கு அதுதான் எமன். நார்த்தூள் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே கையை விட்டால் சொதசொதவென்று இருக்கும். நீ காலையும் மாலையும் ஊற்றியது வெயிலில் காயவில்லை, வேரில் நின்றுவிட்டது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் வேர் வெந்துபோகும். நான் போடுவது செம்மண் இரண்டு பங்கு, நன்றாகக் கழுவிய மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அரைப் பங்கு, கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்த செங்கல் இரண்டு கை. அவ்வளவுதான். அப்புறம் வருஷம் முழுக்க உரமே கிடையாது, கவாத்து பண்ணும்போது ஒரு பிடி மண்புழு உரம், அதோடு சரி.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், பத்து அங்குலம் வாய் போதும், ஆழம் அதிகம் வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் பை நம்ம ஊர் மாடியில் மதியம் தொட்டால் கை சுடுகிறது, வேருக்கு எப்படி இருக்கும்? தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வை, தண்ணீர் வடியட்டும், தளத்துச் சூடும் ஏறாது.

தண்ணீர் எப்போது என்று கணக்குக் கேட்காதே, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார், உள்ளேயும் காய்ந்திருந்தால் ஊற்று, இல்லாவிட்டால் போய்விடு. தொட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், பழகிவிடும். ஊற்றும்போது அடியில் வழிகிற அளவுக்கு ஊற்று, தினமும் தெளிக்கிற வேலை வேண்டாம். இன்னொன்று, போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். சுண்ணாம்புக் குணம் இதற்குக் கொஞ்சம் பிடிக்கும்தான், உப்பு பிடிக்காது. மாதம் ஒரு தடவை மழைத் தண்ணீரோ, நல்ல தண்ணீரோ நிறைய ஊற்றி மண்ணைக் கழுவிவிடு.

வெயில் விஷயத்தில்தான் நீ படித்தது உன்னைக் கவிழ்த்தது. நாள் முழுக்க வெயில் என்பது அந்த ஊர் வெயிலுக்கு எழுதியது. நான் கிழக்குப் பார்த்த சன்ஷேடுக்குக் கீழே வைத்திருக்கிறேன், காலை வெயில் பதினொரு மணி வரை விழும், அப்புறம் நிழல். தை, மாசியில் முழு வெயிலுக்கு நகர்த்துகிறேன், பங்குனி பாதியில் திரும்ப நிழலுக்கு. சோழவந்தானில் வெற்றிலைக்கு அகத்தி நிழல் கொடுக்கிற மாதிரி, பெரிய செடி ஏதாவது இருந்தால் அதன் சல்லடை நிழலும் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் அறுவடை எதிர்பார்க்காதே. இலை சின்னதாகி, நிறம் மங்கி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அந்த மாதம் உயிரோடு வைத்திருந்தாலே போதும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் நேரடியாக நனையவிடாதே. நமக்கு மழை என்றாலே அந்த இரண்டு மாதம்தானே, அதுதான் இதற்குக் கண்டம்.

மழை ஓய்ந்ததும் கவாத்து. மல்லிகைக்குப் பண்ணுகிற மாதிரி மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்ட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு எடுத்துவிடலாம், ஆனால் வெறும் கட்டை வரை போகாதே, கொஞ்சம் இலை இருக்கிற இடத்துக்கு மேலே வெட்டு. மூன்று வாரத்தில் புது கொழுந்து வந்து புதர் மாதிரி ஆகும். வெட்டாமல் விட்டவர்களுடையதெல்லாம் குச்சி குச்சியாக நீண்டு, அடியில் மொட்டையாக நிற்கிறது.


திருநகர் மொட்டைமாடி:

அக்கா, படிக்கப் படிக்க நான் செய்த கொலைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வருகிறது. பையில் முக்கால்வாசி நார்த்தூள்தான். உப்புத் தண்ணீரும் சரி, எங்கள் போர் தண்ணீரில் குக்கர் அடியே வெள்ளையாகிவிடும். இலையில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று வந்ததே, அது என்ன? பக்கத்தில் செம்பருத்தி இருந்தது.


புதூர் கீரைக்காரி:

மாவுப்பூச்சி. செம்பருத்திதான் அதற்குத் தாய்வீடு, பக்கத்திலேயே வைக்காதே. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் அடி. அடித்த பிறகு ஒரு வாரமாவது இலையைப் பறிக்காதே, பறித்தாலும் நன்றாகக் கழுவு, இல்லாவிட்டால் பீட்சா வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கும்.


சும்மா எட்டிப் பார்த்தவன்:

சிரிக்காதீர்கள். பீட்சா கடையில் கொடுத்த ஒரிகானோ பாக்கெட்டைப் பிரித்துத் தொட்டியில் தூவி மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியவன் நான்.


ஒத்தக்கடைக்காரன்:

@சும்மா எட்டிப் பார்த்தவன் தம்பி, அது காய்ந்த இலை, விதையே இல்லை. அதிலும் பாதி பாக்கெட்டுகளில் 'சீசனிங்' என்று எழுதியிருக்கும், பின்பக்கம் படித்தால் உப்பு, பூண்டுப் பொடி, மிளகாய், சர்க்கரை எல்லாம் இருக்கும். நீங்கள் மூன்று வாரம் உப்புக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். உண்மையான விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் சுமார் 10,000 விதை. அதனால் மண்ணைப் போட்டு மூடக்கூடாது. ஈரமான மண் மேலே தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூவாளியால் ஊற்றினால் எல்லாம் அடித்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடும், தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் பச்சை தெரியும். முளைத்ததும் காற்றோட்டம் முக்கியம். மேடத்துக்குக் கழுத்து அழுகியது பூஞ்சையால், நெருக்கமாக விதைத்து மேலிருந்து மழையும் கொட்டினால் அதுதான் நடக்கும். மார்கழி, தையில் நம்ம ஊரில் ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும், பகல் 30 தான், அதைவிட நல்ல நேரம் இதற்கு நம்மிடம் கிடையாது.


மலையடிவாரம்:

கொடைக்கானல் மலைப் பாதையில் சொந்தக்காரர் தோட்டத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே ஒரிகானோ, தைம், ரோஸ்மேரி மூன்றும் வேலி ஓரத்தில் கேட்பாரில்லாமல் வளர்கிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து மதுரையில் வைத்தேன், பத்து நாளில் காலி. மலையில் குளிரில் இருந்ததை நேராக நம் மாடி வெயிலில் வைத்தால் அதுதான் கதி. ஆன்லைனில் வரும் செடியும் பசுமை வலைக்கு அடியில் வளர்ந்ததாகத்தான் இருக்கும். வந்ததும் ஒரு வாரம், பத்து நாள் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம், அப்புறம் நிழல், அப்புறம் காலை வெயில் என்று படிப்படியாகப் பழக்குங்கள்.

விதையைவிடக் குச்சி சுலபம் என்பது என் அனுபவம். பூ வராத இளந்தண்டில் மூன்று நான்கு அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். டம்ளர் தண்ணீரில் போட்டாலும் வேர் விடும், ஆனால் அந்த வேர் மண்ணுக்கு மாறும்போது கொஞ்சம் அடம் பிடிக்கும். ஒவ்வொரு தையிலும் நான்கு குச்சி நட்டு வைத்துவிடுங்கள், கோடையில் தாய்ச்செடி போனாலும் வாரிசு இருக்கும்.


பூக்கட்டுற தம்பி:

நான் சொல்வது கொஞ்சம் விலகிப்போகிற மாதிரி இருக்கும், ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஒரிகானோவின் கூடப்பிறந்த தங்கச்சி நம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறது தெரியுமா? கதம்பத்தில் வைத்துக் கட்டும் 'மரு' என்கிற வாச இலைதான் அது. ஒரிகனம் மஜோரானா, வெளிநாட்டில் மார்ஜோரம் என்று சமையலில் போடுகிறார்கள், நாம் தலையிலும் சாமிக்கும் வைக்கிறோம். மருவையும் மரிக்கொழுந்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். மரிக்கொழுந்து சாம்பல் பச்சையில் கேரட் இலை மாதிரி கீறிக்கீறி இருக்கும், அது ஆர்ட்டெமிசியா, சூரியகாந்திக் குடும்பம், பீட்சாவில் போட்டால் கோவில் பிரகாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். மரு சின்ன வட்ட இலை, மெத்தென்று, வாசம் இனிப்பாக வரும்.

எங்கள் கடையில் மிஞ்சிய மருக் கொத்தில் நல்ல தண்டாகப் பார்த்து நட்டேன், ஐந்தில் மூன்று பிழைத்தது. ஒரிகானோ அளவுக்குக் காரம் இருக்காது, ஆனால் முட்டை ஆம்லெட்டில் அருமையாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மார்க்கெட்டுக்கு வருவது பூமாலைக்கு வளர்த்தது, சாப்பிட இல்லை, என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது. வாங்கிய இலையை அப்படியே சமைக்காதீர்கள். நட்டு, புதிதாகத் துளிர்த்து இரண்டு மூன்று தடவை வெட்டிப் போட்ட பிறகு சாப்பிடலாம்.


நாகமலை ரிட்டயர்டு:

அடடே, மரு ஒரிகானோ ஜாதியா! அறுபத்தெட்டு வயதில் இது எனக்குப் புதுச் செய்தி. சரி, தோற்றுப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி ஒரிகானோ எண்ணெய் என்று ஒரு பாட்டிலைக் காட்டி, சளிக்கு நல்லது தாத்தா, நாலு சொட்டுக் குடிக்கலாம் என்கிறாளே, அது எப்படி?


ஒத்தக்கடைக்காரன்:

குடிக்க வேண்டாம் அய்யா. இலையைச் சமையலில் போடுவது வேறு, பல கிலோ இலையை வடித்து எடுத்த எண்ணெய் வேறு. அது வாயையும் வயிற்றையும் எரித்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சளிக்கு உங்கள் கற்பூரவல்லிக் கஷாயமே தேவலை, அதில் நீங்கள் தோற்கவில்லை.


சமையல்கட்டு:

வளர்ப்பது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், பறித்த பிறகு என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். மொட்டு வைத்து, பூ விரிவதற்கு முன்னால் வெட்டுங்கள், அப்போதுதான் வாசம் உச்சத்தில் இருக்கும். காலையில் பனி காய்ந்ததும் வெட்டி, தூசி இருந்தால் அலசி உதறி, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் ஓடிவிடும். மாசி, பங்குனியில் ஃபேன் காற்றில் மூன்று நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. மழைக்காலத்தில் முயற்சி பண்ணி ஒரு கட்டு முழுக்கப் பூசணம் பிடித்துத் தூக்கிப் போட்டேன். காய்ந்ததும் இலையை முழுதாக உருவிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, உபயோகிக்கும்போது உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள், முன்கூட்டியே பொடியாக்கி வைத்தால் ஒரு மாதத்தில் வைக்கோல். ஒரு பெரிய கட்டு காய்ந்தால் காபி டம்ளர்கூட நிறையாது, அதற்கும் தயாராக இருங்கள்.

பச்சை இலை ஒரு மேஜைக்கரண்டி கேட்கிற இடத்தில் காய்ந்தது ஒரு டீஸ்பூன் போதும். காய்ந்ததை ஆரம்பத்திலேயே எண்ணெயில், தக்காளியோடு வேகவிடலாம். பச்சை இலையை இறக்கும்போது போட வேண்டும். பீட்சாவோடு நிறுத்தாதீர்கள். எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் எண்ணெய், ஒரு டீஸ்பூன் காய்ந்த ஒரிகானோ, இதில் கோழியை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கல்லில் சுட்டுப் பாருங்கள், கிரேக்கத்தில் இந்தச் சேர்க்கைதான். உருளைக்கிழங்கு ரோஸ்ட்டில் கறிவேப்பிலைக்குப் பதில் இதைப் போட்டாலும் நன்றாக வருகிறது. தக்காளித் தொக்கில் ஒரு சிட்டிகை, யாருக்கும் தெரியாது, ஆனால் என்ன போட்டாய் என்று கேட்பார்கள். கறிதோசையில் ஒரு தடவை தூவினேன், வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார், அது நியாயம்தான். மிளகும் சீரகமும் இருக்கிற இடத்தில் இதற்கு வேலை இல்லை.

பச்சைக் கொத்தையும் பூண்டையும் நல்லெண்ணெய் பாட்டிலில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன், இரண்டு வாரமாகிறது, வாசம் அள்ளுகிறது.


ஒத்தக்கடைக்காரன்:

அக்கா, மற்றதெல்லாம் பிரமாதம், அந்த எண்ணெய் பாட்டிலை மட்டும் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். பச்சை இலையிலும் பூண்டிலும் ஈரம் இருக்கிறது, எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது, நம் ஊர்ச் சூடு. பொட்டுலிசம் என்கிற நோயைக் கொண்டுவரும் விஷத்தைக் கக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான வீடு இல்லை. கெட்ட வாசமும் வராது, நிறமும் மாறாது, கண்டுபிடிக்கவே முடியாது. எண்ணெயில் போடத்தான் வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த இலையைப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.


சமையல்கட்டு:

அய்யய்யோ. இப்போதே கொட்டிவிட்டேன் தம்பி. நல்லெண்ணெய் விற்கிற விலைக்கு வயிறு எரிகிறது, ஆனால் இது நல்லது.


திருநகர் மொட்டைமாடி:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. புதூர் அக்கா சொன்ன மண் கலவை, மண் தொட்டி, அடியில் செங்கல். ஆடியில் விதைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. மார்கழி முதல் வாரம் கிரீக் என்று எழுதிய விதையை ஒரு தட்டத்தில் தூவி ஜன்னல் ஓரம் வைத்தேன், ஒன்பதாம் நாள் பச்சை தெரிந்தது. 19 நாற்று, இன்றுவரை இரண்டுதான் போயிருக்கிறது. இன்னும் கைவிரல் உயரம்கூட வரவில்லை, ரொம்ப மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் கசக்கினால் வாசம் வருகிறது. மாமியாரிடம் ஒரு இலையைக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "ஓம வாசம் வருது, ஆனா இது வேறதான்" என்று ஒப்புக்கொண்டார். மகள் மட்டும் எப்போது பீட்சா, எப்போது பீட்சா என்று தினமும் தட்டத்தை எட்டிப் பார்க்கிறாள்.

பூக்கட்டுற தம்பி சொன்னதைக் கேட்டு மருவும் நட்டேன், அது வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டது. இரண்டையும் ஒரே நீளத் தொட்டியில் வைக்கலாமா, இல்லை தனித்தனியா?


புதூர் கீரைக்காரி:

தனித்தனியாகவே வை தங்கச்சி. மருவுக்கு இதைவிடக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஒன்றுக்குப் பார்த்து ஊற்றினால் மற்றது கெடும். 17 நாற்றும் உன் மாடிக்கு அதிகம், பங்குனிக்குள் நாலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடு. எனக்கு இரண்டு எடுத்து வை, போன கோடையில் என்னுடையதில் ஒன்று போய்விட்டது.